ஒரு லேப்டாப், ரெண்டு பிள்ளைகள்: ஸ்கிராட்ச் தேறுமா?

முழுசாகப் படிக்க நேரம் இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வயசுக்கு மேல் உள்ள ரெண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து புரோகிராமிங் ஆரம்பிக்க ஸ்கிராட்ச் தாராளமாகப் போதும், ஒரு பைசா கட்ட வேண்டாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒரு மார்க் எதற்குப் போனது என்றால், அது ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து செய்வதற்காகக் கட்டப்பட்ட மென்பொருள், ரெண்டாவது ஆளுக்கு அதில் நாற்காலியே கிடையாது. அந்த நாற்காலியை வீட்டில் இருக்கும் நாம்தான் போட வேண்டும். "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டால், திரும்பி வரும்போது ஒன்று மவுஸைப் பிடித்துக்கொண்டு உலகத்தை மறந்திருக்கும், இன்னொன்று ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. மகள் ஏழாம் வகுப்பு, பக்கத்து வீட்டுப் பையனும் ஏழாம் வகுப்பு. இவள் ஆங்கில மீடியம், அவன் தமிழ் மீடியம். வீட்டில் இருப்பது நான் ஆபீஸ் வேலைக்கு வாங்கி ஓய்வு கொடுத்த பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், ஸ்பேஸ்பார் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் ரெண்டும் வந்து உட்காரும். போன கோடை விடுமுறையில் ஊரில் ஒரு கோடிங் வகுப்பில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஒரு ஹெட்போன், திரையில் வரும் வீடியோவைப் பார்த்து அப்படியே இழுத்து ஒட்டினால் கேம் வந்துவிடும், கடைசி நாளில் லேமினேஷன் போட்ட சர்டிபிகேட். வீட்டுக்கு வந்து "இந்த பிளாக் எதுக்கு வச்ச?" என்று கேட்டால் "சார் வைக்கச் சொன்னாரு" என்றார்கள். ஜோடியாக உட்கார வைத்தால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

ஸ்கிராட்ச் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. இப்போது நாம் பயன்படுத்தும் 3.0 வடிவம் 2019 ஜனவரியில் வந்தது. டைப் அடிக்கத் தேவையில்லை, கட்டளைகள் எல்லாம் வண்ண வண்ண பிளாக்குகள், இழுத்துக் கோத்தால் திரையில் இருக்கும் பூனை நடக்கும், பேசும். பிரவுசரிலேயே ஓடும், இணையம் இல்லாமல் ஓட்ட தனி ஆப்பும் இருக்கிறது. எங்கள் பழைய லேப்டாப்பில் அந்த ஆப்தான் நிம்மதி. போனில் செய்து பார்க்கலாமே என்று ஆசைப்படாதீர்கள், திரை பத்தாது, அதிலும் ரெண்டு தலை எட்டிப்பார்த்தால் சுத்தமாகப் பத்தாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் ஸ்டேஜ் (காட்சி நடக்கும் திரைப் பகுதி), ஸ்பிரைட் (அதில் நடமாடும் உருவம்) என்று கேள்வி பதிலாக மனப்பாடம் செய்வதோடு சரி.

ஜோடி வேலைக்கு வருகிறேன். இது ஒன்றும் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த முறை இல்லை. 1990களின் கடைசியில் கென்ட் பெக் என்பவர் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற பெயரில் பரப்பிய வேலை முறையில் இது ஒரு முக்கியமான பகுதி: ரெண்டு புரோகிராமர், ஒரே கம்ப்யூட்டர், ஒருவர் கீபோர்டில், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டும் தப்பைப் பிடித்துக்கொண்டும். முதல் ஆளை டிரைவர் என்பார்கள், ரெண்டாவது ஆளை நேவிகேட்டர். அந்த நேவிகேட்டர் என்ற சொல் எங்கள் பிள்ளைகளிடம் செல்லுபடியாகவில்லை. பையன் முதல் வாரமே அதைக் கண்டக்டர் ஆக்கிவிட்டான், அப்புறம் வேலையே சுலபமாகிவிட்டது. ஒரு விசில் அடித்தால் டிரைவர் கையை எடுக்க வேண்டும், ரெண்டு விசில் என்றால் போகலாம். கண்டக்டர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை, டவுன் பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் தெரியும். (வாயால்தான் விசில். நிஜ விசில் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள், எனக்கென்ன பைத்தியமா.)

இப்படி உட்கார வைத்ததும் ஸ்கிராட்ச்சின் ஒரு குணம் எனக்குப் பிடித்துப்போனது. தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெளிவாகத் தெரிகிறது. பைத்தான் மாதிரி டைப் அடித்து எழுதும் புரோகிராமிங் மொழியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் "அந்த மூணாவது லைன்ல, இல்ல இல்ல, அதுக்குக் கீழ" என்று தடுமாற வேண்டும். இதில் மஞ்சள் என்றால் ஈவென்ட்ஸ் (எப்போது தொடங்க வேண்டும் என்பது), பச்சை என்றால் ஆப்பரேட்டர்ஸ் (கணக்கு, ஒப்பீடு), நீலம் என்றால் நகர்த்துவது, வெளிர் நீலம் என்றால் தொடுகிறதா என்பது போன்ற கேள்விகள். ஆமா இல்லையா என்று கேட்கும் கண்டிஷன் பிளாக்குகள் அறுகோண வடிவில் இருக்கும், அதே வடிவ ஓட்டையில்தான் உட்காரும். அதனால் கண்டக்டர் சீட்டில் இருந்து "அந்த ஆறு மூலை ஓட்டைல வெளிர் நீலத்தப் போடு" என்று சொன்னால் டிரைவருக்குப் புரிந்துவிடுகிறது. தமிழ் மீடியம் பையனுக்கு இது பெரிய கை. பிளாக்கில் எழுதியிருக்கும் ஆங்கிலத்தைப் படிக்கத் தயங்குகிறவன் நிறத்தையும் வடிவத்தையும் வைத்து முதல் நாளே பேச ஆரம்பித்துவிட்டான், வார்த்தைகள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டன. எந்த பிளாக்கைக் கிளிக் செய்தாலும் அது அங்கேயே ஓடிக் காட்டும் என்பதும் நல்ல வசதி. "நான் சொல்றதுதான் சரி", "நான் சொல்றதுதான் சரி" என்று ரெண்டும் மல்லுக்கு நின்றால் நான் நாட்டாமை செய்யத் தேவையில்லை, கிளிக் பண்ணிப் பாருங்கள் என்று விட்டுவிடுவேன்.

ஒரு கேமை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஜோடியால் என்ன கிடைக்கிறது என்பது அதில்தான் எனக்குப் பிடிபட்டது. மேலிருந்து மாங்காய் விழும், அம்புக்குறி பட்டனால் கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும், பிடித்தால் ஒரு மார்க். முதல் ஞாயிறு மாங்காய் வரைவதிலேயே போய்விட்டது, அது தனிக் கதை, அந்தப் படம் வரையும் பகுதியை ஒளித்து வைக்க ஒரு வழி இருந்தால் கூடுதலாக அரை மார்க் போட்டிருப்பேன். அடுத்த வாரம் பையன் டிரைவர். உள்ளே இருப்பதை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபாரெவர் பிளாக்குக்குள் மாங்காயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, கூடையைத் தொட்டால் ஸ்கோரை ஒன்று கூட்டு என்று போட்டார்கள். கேமை ஓட்டும் பச்சைக் கொடி பட்டனை அழுத்தினார்கள். மாங்காய் கூடைக்குள் விழுந்தது, ஸ்கோர் ஒரே அடியாக 12. ரெண்டும் துள்ளிக் குதித்தன. அடுத்த தடவை 9. அப்புறம் 14.

"ஒரு மாங்காக்கு ஒரு மார்க்குதான?" என்றாள் மகள்.

"கூட வந்தா நல்லதுதான?" என்றான் அவன். நியாயம்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. (கஷ்டமான வேலை அது.) அவன் யோசித்துவிட்டு, ஸ்கோர் கூடியதும் ஒரு செகண்ட் நிற்கச் சொல்லி வெயிட் பிளாக் ஒன்றை உள்ளே சொருகினான். இப்போது மாங்காய் கூடை மேல் ஒரு செகண்ட் நின்றது, கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி ஒரு செகண்ட் நின்றது, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மார்க். இறங்குவதும் அதே ஃபாரெவருக்குள்தானே இருக்கிறது, அப்படித்தான் ஆகும். அவன் வெயிட்டை ரெண்டு செகண்ட் ஆக்கினான். பலன் இல்லை. மூன்று ஆக்கப் போனான்.

"ஹோல்டான்!" ஒரு விசில். "டேய், அது ஒரு தடவை தொடுறது இல்ல. கூடைக்குள்ள கெடக்குற வரைக்கும் தொட்டுட்டே இருக்கு. நம்ம ஃபாரெவர் ஒவ்வொரு சுத்துக்கும் 'தொடுதா, தொடுதா'ன்னு கேட்டுட்டே இருக்கு."

"அப்ப என்ன செய்ய?"

"தொட்ட உடனே அத அங்க இருந்து தூக்கிரு. மேல அனுப்பிரு."

அவன் உருவத்தைச் சொன்ன இடத்துக்கு அனுப்பும் கோ டு பிளாக்கை இழுத்து வந்து உயரத்தைக் குறிக்கும் ஒய்க்கு 180 போட்டான், அதுதான் ஸ்டேஜின் உச்சி, இட வலத்தைக் குறிக்கும் எக்ஸுக்கு ரேண்டம், அதாவது ஏதோ ஒரு எண். ரெண்டு விசில். ஒரு மாங்காய்க்கு ஒரு மார்க்.

கம்ப்யூட்டர் ஒரு கேள்வியை ஒரு செகண்டுக்குள் பல தடவை கேட்கும் என்பது பெரியவர்களுக்கே சட்டென்று விளங்காத விஷயம். அதை அந்தப் பிள்ளை தன் வாயால் சொன்னதற்கு ஒரே காரணம், மவுஸ் அவள் கையில் இல்லை. இருந்திருந்தால் அவளும் நம்பரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். தனியாக உட்காரும்போது ரெண்டு பேருமே அப்படித்தான் செய்கிறார்கள், பார்த்திருக்கிறேன். கை சும்மா இருக்கும்போதுதான் தலை ஓடுகிறது, அந்தத் தலையில் ஓடுவதை இன்னொருவருக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வருகிறது. நான் இந்த முறைக்கு வக்காலத்து வாங்குவது இந்த ஒன்றுக்காகத்தான்.

நேரம் மிச்சமாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் 1999இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஜோடியில் ரெண்டு பேர் செலவிட்ட நேரத்தையும் கூட்டினால் அது தனியாகச் செய்தவர்களைவிட 15 சதவீதம் போல அதிகம், ஆனால் புரோகிராமில் பிழை குறைவு. அது பெரிய பிள்ளைகள். சின்னவர்கள் விஷயத்தில் காலின் லூயிஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஜோடி முறையின் ரசிகர்களுக்கு அவ்வளவாக இனிக்காது. ஆறாம் வகுப்பு வயசுப் பிள்ளைகளில் ஒரு பகுதியை ஒரே கம்ப்யூட்டரில் ஜோடியாகவும், இன்னொரு பகுதியை ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் அடிக்கடி கலந்து பேசிக்கொள்ளச் சொல்லியும் உட்கார வைத்தார்கள். ரெண்டாவது கூட்டம்தான் பயிற்சிகளைச் சீக்கிரம் முடித்தது, டெஸ்ட் மார்க்கில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதைப் படித்ததும் ஜோடி வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ரெண்டாவது கூட்டமும் பேசிக்கொண்டேதானே செய்தது. எங்கள் பழைய கோடிங் வகுப்பு மாதிரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு அல்ல. வீட்டில் ரெண்டு லேப்டாப் இருந்தால் அப்படியும் செய்யலாம். எங்களிடம் இருப்பது ஒன்று.

அதே காலின் லூயிஸும் நிரல் ஷாவும் 2015இல் செய்த இன்னொரு ஆய்வைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பேன். நாலு ஜோடிகளின் பேச்சைப் பதிவுசெய்து யார் எவ்வளவு பேசினார்கள், யார் கேள்வி கேட்டார்கள், யார் உத்தரவு போட்டார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்த ஜோடிகளில்தான் ஒருவர் ஓங்கி, மற்றவர் ஓரம் கட்டப்பட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். "இன்னைக்கு முடிச்சிட்டா சாயங்காலம் ஐஸ்கிரீம்" என்று சொன்ன ஞாயிறு அவ்வளவு பாடு. மகள் மவுஸை விடவே இல்லை, அவன் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "இரு இரு" என்ற பதில்தான். அப்புறம் ஐஸ்கிரீமை எந்த வேலையோடும் முடிச்சுப் போடுவதில்லை, சும்மா வாங்கித் தருகிறேன்.

இந்தக் காரணத்தினால்தான் கோட்.ஆர்கின் புதிர்களைவிட ஸ்கிராட்ச்சை மேலே வைக்கிறேன். கோட்.ஆர்க் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் கற்றுத்தரும் நல்ல தளம், இலவசம், ஜோடியாகச் செய்வது எப்படி என்று சொல்ல வீடியோகூட வைத்திருக்கிறார்கள், அந்த அக்கறை ஸ்கிராட்ச்சில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் நிலை 1, நிலை 2 என்று படிப்படியாகப் போகும் புதிர் என்றால் பிள்ளைகளுக்கு அடுத்த நிலைக்குத் தாவுவதுதான் குறி. விடை தெரிந்தவர் படபடவென்று முடிப்பார், தெரியாதவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்கிராட்ச்சில் முடிவு என்று எதுவும் இல்லை. மாங்காயா பலாப்பழமா, கீழே விழுந்தால் உயிர் போகுமா போகாதா, எல்லாவற்றையும் ரெண்டு பேரும் பேசித்தான் தீர்க்க வேண்டும். சண்டையும் வரும். வரட்டும்.

இனி குறைகள். முதல் குறை, ஒரே புராஜெக்டை ரெண்டு கம்ப்யூட்டரில் இருந்து ஒரே நேரத்தில் திருத்த முடியாது. கூகுள் டாக்ஸில் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்து எழுதுகிறோமே, அந்த வசதி இதில் இல்லை. ரீமிக்ஸ் செய்யலாம், அதாவது ஒருவர் செய்ததை மற்றவர் நகல் எடுத்துத் தொடரலாம், ஆனால் அது ஜோடி இல்லை, அஞ்சல் ஓட்டம். ரெண்டாவது குறை, ஸ்கிராட்ச்சில் கிட்டத்தட்ட எல்லாமே இழுத்துப் போடும் வேலை. அதனால் "நீ மவுஸ், நீ கீபோர்டு" என்று பிரித்துக் கொடுத்து சமாதானம் செய்யும் தந்திரம் இங்கே எடுபடாது, கீபோர்டு கிடைத்தவர் எப்போதாவது ஒரு நம்பர் அடிப்பதோடு சரி, சீக்கிரமே அவருக்கு விவரம் புரிந்து சண்டை பெரிதாகும். மூன்றாவது, ஆன்லைனில் மற்றவர்கள் செய்த கேம்கள் கொட்டிக் கிடக்கின்றன. அது நல்லது, உள்ளே போய் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம். ஆனால் ஜோடியில் ஒருவருக்குக் கொஞ்சம் சலிப்பு தட்டியதும் "ஒரே ஒரு கேம் மட்டும்" ஆரம்பித்துவிடும், அப்புறம் அன்றைய பொழுது போச்சு. நாங்கள் ஆஃப்லைன் ஆப்பிலேயே ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள். அண்ணன் தம்பியை, அக்கா தங்கையை ஜோடி போடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது, அது அப்படியே லேப்டாப் முன்னாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் தங்கை மகன்கள் ஊரில் இருந்து வந்தபோது பார்த்தேன். பெரியவன் ஒன்பதாவது, சின்னவன் ஆறாவது. சின்னவன் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்து "அண்ணே, அது தப்புண்ணே" என்று சொன்னது சரியாகவே இருந்தது. அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அரை மணி நேரம் கழித்து தானே கண்டுபிடித்த மாதிரி அதையே செய்தான். சின்னவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரே வகுப்பு, ஏறக்குறைய ஒரே அளவு தெரிந்தவர்கள், அதுதான் சரி வரும். ரொம்ப நெருங்கிய சிநேகிதர்கள் என்றால் அரட்டையில் போகும், அதற்கு நான் பொறுப்பு இல்லை.

மாற்றிக்கொள்வது எப்போது? பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை என்று அலாரம் வைத்துச் செய்யச் சொல்பவர்கள் உண்டு. நாங்களும் வைத்தோம். பிளாக்கைப் பாதி இழுத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் டிரைவருக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். இப்போது ஒரு காரியம் ஓடினால் மாற்றம்: கூடை நகர்ந்தால் ஆள் மாறும், மாங்காய் விழுந்தால் ஆள் மாறும். ஆனால் ஒன்று, ஓடாமலே ரொம்ப நேரம் இழுத்தாலும் மாற்றிவிடுவேன். முட்டிக்கொண்டு நிற்கும்போது சீட்டு மாறினால் பாதி நேரம் வழி பிறக்கிறது.

வாங்க வேண்டியது என்றால் ஒரே ஒரு வயர் மவுஸ், முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். டச்பேடில் ஜோடி வேலை உருப்படாது, ஒருவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டால் மற்றவருக்குத் திரை சாய்ந்துவிடும். லேப்டாப்பை மேஜை நடுவில் வைத்து, மவுஸை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றுங்கள். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் உட்காரும் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து முதல் ஏழு வயசு வரை உள்ளவர்களுக்கு ஸ்கிராட்ச்ஜூனியர் என்று டேப்லெட்டுக்குத் தனி ஆப் இருக்கிறது, அதுவும் இலவசம். ஜோடிக்கு மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், தொடுதிரையில் நாலு கை விழும், விசிலாவது ஒன்றாவது. ஸ்கிராட்ச்சில் நன்றாகத் தேறி பைத்தானுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளை இதிலேயே பிடித்து வைக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு தலைவலி, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கேம் முடிந்ததும் அது யாருடையது? லேப்டாப் எங்கள் வீட்டில் இருப்பதால் மகள் "என் கேம்" என்று சொல்லப் போக, அவன் ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் எழுந்திருக்கும் முன் சேமித்த ஃபைலின் பெயரில் ரெண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும், ஒரு நகல் லேப்டாப்பில், ஒரு நகல் அவன் பென்டிரைவில். அவன் அப்பாவின் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, பில் போடாத நேரத்தில் அதில் திறந்து பார்க்கிறான். போன வாரம் அவன் நகலில் மாங்காயோடு வெடிகுண்டும் விழுந்தது. அதை எங்கள் லேப்டாப்பில் உள்ள நகலிலும் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.